எடைக்குறைப்பு ஆபரேஷன்: ராமநாதபுரம் கடலோரத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு செலவு என்றுதான். கேட்க வேண்டியதுதான். ஆனால் ராமேஸ்வரத்திலோ கீழக்கரையிலோ தொண்டியிலோ குடியிருப்பவர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் ராத்திரி வாந்தி நிற்கவில்லை என்றால் யாரிடம் போவது? நம் ஆட்கள் இந்த அறுவைக்குப் பெரும்பாலும் மதுரைக்குத்தான் போகிறார்கள். ராமநாதபுரத்திலிருந்து அது சுமார் 115 கிலோமீட்டர், ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 170. அறுவை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், சில நாளில் வீட்டுக்கும் அனுப்பிவிடுவார்கள். அதற்கப்புறம் வரும் வருஷங்கள் எல்லாம் இந்த வெயிலோடும் இந்த மீன் குழம்போடும்தான். அதனால் அறுவை அரங்குக்குள் நடப்பதைச் சுருக்கமாகவும், ஊரில் செய்துவைக்க வேண்டியதை விரிவாகவும் சொல்கிறேன்.

என் அக்காவுக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை நடந்தபோது கூடவே இருந்தவள் நான். அதன் பிறகு உறவிலும் தெருவிலும் கேட்டு வந்தவர்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சேர்ந்தது இது. நான் டாக்டர் இல்லை. அளவுகளும் நாள் கணக்கும் ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் அறுவை மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

யாருக்கு இந்த அறுவை

உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. கணக்கிலிருந்துதான் தொடங்குவார்கள். எடை கிலோவில், உயரம் மீட்டரில். எடையை உயரத்தால் வகுத்து, வந்ததை மறுபடியும் உயரத்தால் வகுக்க வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரமும் 96 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்கு 37.5 வரும். நமக்கெல்லாம் வயிற்றைச் சுற்றித்தான் கொழுப்பு சேர்கிறது, மேல்நாட்டுக்காரர்களைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் வந்துவிடுகிறது. அதனால் வரம்பும் இங்கே குறைவு. வேறு நோய் இல்லாதவருக்கு 37.5, சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவை இருப்பவருக்கு 32.5 என்பது இந்தியாவில் பல காலமாகச் சொல்லிவந்த அளவு. 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் ஆசியர்களுக்கு 27.5 முதலே இந்த அறுவையை முன்வைக்கலாம் என்கிறது.

அதற்காக, கல்யாணத்துக்கு முன் பத்துப் பதினைந்து கிலோ குறைந்தால் போதும் என்று இருப்பவர்கள் இதைத் தேடி ஓட வேண்டியதில்லை. சர்க்கரை கட்டுக்கு வராதவர்கள், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்கள், முட்டி தேய்ந்து நடக்க முடியாதவர்கள், சாப்பாட்டையும் நடையையும் உண்மையாகவே முயன்று பார்த்தவர்கள், இவர்களுக்குத்தான் இதில் பலன் அதிகம். எடைக்குறைப்புக்கென்றே டிர்செபடைட், செமாக்ளூடைட் ஊசிகள் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. அவற்றை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்ப ஏறுகிறது. ஆனாலும் கத்திக்குப் போகுமுன் அதையும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே அந்த ஊசி போட்டுக்கொண்டிருந்தால் மயக்க மருத்துவரிடம் மறைக்காதீர்கள். வயிறு மெதுவாகக் காலியாகும், மயக்கத்தில் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போக வழி இருக்கிறது.

இன்னொன்று. இது கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் ஆபரேஷன் இல்லை. அது அழகுக்காகச் செய்வது. இங்கே கத்தி படுவது இரைப்பையில்.

ஸ்லீவா, பைபாஸா

இரண்டுமே பெரும்பாலும் வயிற்றில் நான்கைந்து சிறு துளை போட்டு லேப்ராஸ்கோப்பியில் செய்வது. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் பகுதி வெட்டுப்பட்டுப் போவதால் பசியும் அடங்குகிறது. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியில் சின்னதாக ஒரு பை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைப்பார்கள். சர்க்கரை நோய் கடுமையாக இருப்பவர்களுக்கும், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் பைபாஸைத்தான் சொல்வார்கள், ஏனென்றால் ஸ்லீவ் நெஞ்செரிச்சலைக் கூட்டக்கூடும். அதே சமயம் பைபாஸில் வைட்டமின் குறைபாடு அதிகம், மாத்திரையை மறந்தால் விளைவும் பெரிது.

எதுவாக இருந்தாலும், ஒன்று ஒன்றரை வருஷத்தில் மொத்த எடையில் கால் பங்கு அல்லது அதற்குச் சற்று மேல் குறைவதுதான் சராசரி. 120 கிலோ இருப்பவர் 85, 90க்கு வரலாம். விளம்பரத்தில் காட்டுகிற ஆள் போல 60க்கு வருவேன் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான்.

ஆஸ்பத்திரியும் பணமும்

நல்ல மையங்களில் இந்த அறுவையால் உயிர் போவது ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான். ஆனால் 2024இல் சென்னைப் புறநகரில் எடைக்குறைப்பு அறுவைக்குப் போன இளைஞர் ஒருவர் இறந்து, அரசு விசாரணை நடத்தி அந்த மருத்துவமனையின் அனுமதியை நிறுத்திவைத்ததையும் மறக்க வேண்டாம். யார் குறைந்த கட்டணம் சொல்கிறார்கள் என்று பார்க்குமுன் இவற்றைக் கேளுங்கள்: 24 மணி நேரமும் ஆள் இருக்கும் ஐ.சி.யூ. அதே கட்டடத்தில் இருக்கிறதா? இந்த அறுவையை இந்த மருத்துவர் வாராவாரம் செய்கிறாரா, எப்போதாவதா? உணவியல் நிபுணர் சம்பளத்துக்கு இருக்கிறாரா, பேருக்கு இருக்கிறாரா? ராத்திரி கூப்பிட்டால் யார் எடுப்பார்கள்? கடைசிக் கேள்விக்கு வரவேற்பறையின் எண்ணைக் கொடுத்தால் எனக்கு அந்த இடம் பிடிக்காது.

தனியாரில் லட்சக்கணக்கில் ஆகும். பேக்கேஜ் என்று சொல்வதில் இரைப்பையை வெட்டித் தைக்கும் ஸ்டேப்ளர் கருவி, மயக்க மருத்துவர் கட்டணம், கூடுதலாகத் தங்கும் நாள் எல்லாம் அடக்கமா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விதிப்படி பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து, அதோடு இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்கடங்காத சர்க்கரை போன்றவை இருக்க வேண்டும். டாக்டர் 33க்கே அறுவை தேவை என்று சொல்லலாம். அவர் சொன்னது மருத்துவக் கணக்கு, காப்பீட்டு நிறுவனம் தன் கணக்கைத்தான் பார்க்கும். எடையைக் குறைக்க முன்பு எடுத்த சிகிச்சைச் சீட்டுகளையும் கேட்பார்கள், பழைய காகிதத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். பாலிசி எடுத்து எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பதையும் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.

நாள் குறிப்பது பற்றி

விசைப்படகுத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். எப்படியும் கடலுக்குப் போக முடியாது, அந்த நாளில் செய்துகொண்டால் வருமானம் போகாது என்று பலர் கணக்குப் போடுவார்கள். கணக்கு சரிதான், ஆனால் அது கத்திரி வெயில் காலம். அறுவைக்குப் பிந்தைய மாதத்தில் ஒருவர் குடிக்க முடிகிற தண்ணீரின் அளவுக்கு ஏப்ரல், மே எதிரி. வீட்டில் நிழலில் உட்கார்ந்து குடித்துக்கொண்டே இருக்க முடியும் என்றால் செய்யலாம். சும்மா இருக்க முடியாது, வலை பின்னவும் படகுக்குப் பெயின்ட் அடிக்கவும் போவேன் என்கிறவர் வேண்டாம். மழைக்காலம் குளிர்ச்சி. ஆனால் பலத்த காற்றில் பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள், தீவுக்காரர்கள் பரிசோதனைக்குப் போகும் நாளுக்கு ரயிலை மட்டும் நம்ப முடியாது.

வளைகுடாவில் இருந்து விடுப்பில் வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முப்பது நாள் விடுப்பில் வந்து, பரிசோதனை, அறுவை, ஓய்வு எல்லாம் முடித்து விமானம் ஏறுவது ஆபத்தான அவசரம். அறுவைக்குப் பிறகு கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு, நீண்ட நேரம் மடங்கி உட்கார்வது அதைக் கூட்டும். முன்பரிசோதனைகளை ஒரு விடுப்பிலும் அறுவையை அடுத்த நீண்ட விடுப்பிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவைக்கு முன்பான வாரங்கள்

பரிசோதனைப் பட்டியல் நீளம்: மூன்று மாத சர்க்கரை அளவு, தைராய்டு, ஈரல், சிறுநீரகம், பி12, டி, இரும்பு, வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, இதய எக்கோ. குறட்டை அதிகம் என்றால் தூக்கப் பரிசோதனை. மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் கோபப்படாதீர்கள், கவலைக்குச் சாப்பிடுகிற பழக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார். அந்தப் பழக்கம் வயிற்றை வெட்டினாலும் போகாது.

அறுவைக்கு முந்தைய இரண்டு வாரம் மாவுச்சத்தைக் குறைத்துப் புரதம் கூட்டிய, மிகக் குறைந்த கலோரிச் சாப்பாடு கொடுப்பார்கள். கொழுப்பு படிந்து வீங்கிய ஈரல் சுருங்கினால்தான் அதற்கு அடியில் இருக்கும் இரைப்பையை மருத்துவரால் எட்ட முடியும். இனி சாப்பிட முடியாதே என்று அந்த வாரத்தில் பிரியாணி விருந்து வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு ஈரல் பெரிதாக இருக்கிறது என்று அறுவையைக் கைவிட்ட சம்பவங்களும் உண்டு.

சர்க்கரைக்காரர்கள் இங்கே கவனிக்க வேண்டும். சாப்பாடு பாதியாகிறபோது பழைய அளவு இன்சுலினையும் மாத்திரையையும் அப்படியே போட்டால் சர்க்கரை விழுந்துவிடும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை அறுவைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். என்ன மாத்திரை என்று வாயால் சொல்லாமல் அட்டையையே கொண்டுபோய்க் காட்டுங்கள். கருத்தடை மாத்திரை, வலி மாத்திரை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

பீடி, சிகரெட்டைக் குறைந்தது ஆறு வாரம் முன்பே விட்டுவிட வேண்டும். வெற்றிலையோடு போடும் புகையிலையும் அதில் சேர்த்திதான், அதைப் புகையிலைக் கணக்கிலேயே சேர்க்காத பெரியம்மாக்கள் நம் வீடுகளில் நிறைய. இந்த வாரங்களில் இன்னொரு பயிற்சியும் வேண்டும்: ஒரு வாய்க்கு இருபது தடவைக்கு மேல் மெல்லுவது, சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காமல் இருப்பது. அறுவைக்கு அப்புறம் பழகிக்கொள்ளலாம் என்று விட்டால் முதல் பாடம் வாந்தியில் முடியும்.

ஊரில் முன்கூட்டியே செய்துவைப்பது

முதலில் உள்ளூரில் ஒரு டாக்டர். நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் அறுவைக்கு முன்பே போய், இன்ன தேதியில் இன்ன அறுவை என்று சொல்லி, மதுரை டாக்டரின் எண்ணைக் கொடுத்து வையுங்கள். அவர் வேண்டாம் என்று திட்டலாம். திட்டினாலும் விஷயம் தெரிந்திருப்பது நல்லது. அவசரத்துக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, கல்லூரி 2022இல் தொடங்கியது. 108ஐக் கூப்பிட்டால் அங்கேதான் பெரும்பாலும் முதலில் போவீர்கள். அங்கே பணியில் இருப்பவருக்கு உங்கள் கதை தெரியாது. அதனால் ஒரு அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இவற்றை எழுதி, லேமினேட் செய்து, பையிலும் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் வையுங்கள்: எந்த அறுவை, எந்தத் தேதி, மருத்துவர் எண், இப்போதைய மருந்துகள், வலி மாத்திரைகளில் எது கூடாது, வாந்தி இருந்தால் குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் ஊசி. கடைசி வரி ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அப்புறம் சாமான். சர்க்கரை சேர்க்காத புரதப் பவுடர், மென்று தின்னும் வைட்டமின், கால்சியம் சிட்ரேட் ஆகியவை எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது. ஒரு மாதத்துக்கு முன்கூட்டியே வாங்கி வையுங்கள். மிக்ஸி ஓட வேண்டும், 30 மில்லி அளவுக் கோப்பை ஒன்று வேண்டும், இருமல் மருந்து மூடியே போதும். வீட்டில் சமைப்பவரை உணவியல் நிபுணரிடம் ஒரு தடவையாவது கூட்டிப்போங்கள். தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை போடுகிற தெருவில் இருந்தால் அந்த வேலைக்கு வேறு ஆள் பாருங்கள். பதினைந்து லிட்டர் குடம் பதினைந்து கிலோவுக்கு மேல். நான்கிலிருந்து ஆறு வாரம் அதைத் தூக்கக் கூடாது.

மதுரையில் தங்கும் நாட்கள்

எழுந்து நடக்கச் சொல்வார்கள், அன்றைக்கே. நடங்கள். வலி தோளில் கூட வரும், அறுவையின்போது வயிற்றில் நிரப்பிய காற்றுதான் காரணம். டிஸ்சார்ஜ் ஆனதும் நேரே ஊருக்கு வராமல் அங்கேயே சொந்தக்காரர் வீட்டிலோ லாட்ஜிலோ மேலும் ஒரு வாரம் தங்க முடிந்தால் தங்குங்கள். தையல் வரிசையில் கசிவு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள்தான் வரும். நாடி ஓய்வாக இருக்கும்போதே 120ஐத் தொடுவது, காய்ச்சல், மூச்சு வாங்குவது, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, இவற்றில் எது வந்தாலும் காலை வரை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். காரில் வரும்போது மணிக்கு ஒரு தடவை நிறுத்தி இறங்கி நடங்கள். மானாமதுரையிலும் பரமக்குடியிலும் டீக்கடைகளுக்குப் பஞ்சமில்லை, நீங்கள் டீ குடிக்கப் போவதில்லை என்றாலும்.

முதல் ஆறு வாரச் சாப்பாடு

முதல் ஓரிரு நாள் தெளிந்த நீர் மட்டும். அப்புறம் இரண்டு வாரம் போல முழுத் திரவம், அடுத்த இரண்டு வாரம் மசித்தது, அதற்கடுத்த இரண்டு வாரம் மென்மையான உணவு, பிறகு மெல்ல மெல்ல வழக்கமான உணவு. இந்த வரிசை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான், நாள் கணக்கு மாறும்.

திரவ வாரங்களில் நம் வீட்டில் முதலில் கொண்டுவந்து நீட்டுவது அரிசிக் கஞ்சி. தெம்பு வரும் என்பார்கள். குடிக்கலாம், ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் போக வேண்டும், இல்லையென்றால் உடம்பு கொழுப்போடு தசையையும் கரைக்கும், முடியும் கொட்டும். புரதப் பவுடர் கலந்த நீர்மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், வடிகட்டிய மீன் சூப், பால். முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமைதான், ஆனால் புது வயிற்றுக்கு அதை ஒன்றரை மாதம் கழித்து அறிமுகம் செய்தால் போதும். மிளகு, சீரகம் போதும்.

மசித்த உணவுக் காலத்துக்கு நம் கரையில் ஒரு வரம் இருக்கிறது: சுறாப் புட்டு. பால்சுறாவை வேகவைத்து, தோலுரித்து, உதிர்த்து, எண்ணெய் குறைத்து வதக்கியது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுத்த அதே பதார்த்தம், முள் இல்லை, 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம். முதலில் இரண்டு ஸ்பூன்தான் இறங்கும். இறங்கியது போதும். விளைமீன், பாறை, சீலா எல்லாம் அடுத்து. சூடை, காரல் போன்ற முள் மீன்களை அவசரமாகச் சாப்பிட்டு முள் சிக்கினால் வினை, அதனால் பல வாரம் கழித்து, உட்கார்ந்து ஆய்ந்து தின்ன நேரம் இருக்கும்போது மட்டும். கணவாயும் கருகிய இறாலும் ரப்பராக இருந்தால் தொடவே வேண்டாம். கருவாட்டில் உப்பு அதிகம், ரத்த அழுத்தக்காரர்கள் ஆசைக்கு ஒரு துண்டோடு நிறுத்துங்கள்.

பரோட்டா, ரொட்டி, குழைந்த சோறு எல்லாம் வயிற்றின் வாயில் உருண்டையாக அடைத்துக்கொள்ளும். தட்டில் முதலில் மீன் அல்லது முட்டை, அப்புறம் காய், கடைசியில் இடம் இருந்தால் சோறு. எது எளிதாக இறங்குகிறதோ அதிலும் ஜாக்கிரதை வேண்டும்: சீனி போட்ட டீயில் நனைத்த ரஸ்க், மிக்சர், ஐஸ்கிரீம், கீழக்கரைத் தொதல். வயிறு தடுக்காது, வழுக்கிக்கொண்டு போகும். இரண்டாம் மூன்றாம் வருஷம் எடை திரும்ப ஏறுகிறவர்களில் பலர் ஏறுவது இந்த வழியில்தான். பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு வேறு விதமாகவும் பழிவாங்கும். பதநீர் ஒரு சொம்பு குடித்த அரை மணிக்குள் வியர்த்து, படபடத்து, வயிற்றைப் பிசைந்து, பேதியாகும். டம்ப்பிங் என்பார்கள். பதநீர்க் காலத்தில் பனங்காட்டுப் பக்கம் போகிற பைபாஸ்காரர்கள் நுங்கோடு நிறுத்திக்கொள்ளலாம், தோலை எடுத்து, நன்றாக மென்று.

தண்ணீர்

வீட்டுக்கு வந்த பிறகு திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்வதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று நீர் வற்றிப்போவது. நம் வெயிலில் இது இரண்டு மடங்கு. நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வேண்டும், ஆனால் முன்போல மடக் மடக்கென்று குடிக்க முடியாது. கால் மணிக்கு 30, 40 மில்லி என்று விழித்திருக்கும் நேரமெல்லாம் உறிஞ்சிக்கொண்டே இருந்தால்தான் கணக்கு வரும். சாப்பிடுவதற்கு அரை மணி முன்பு நிறுத்தி, சாப்பிட்டு அரை மணி கழித்துத் தொடங்க வேண்டும். போனில் அலாரம் வையுங்கள். கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கும் ஊர்களில் இருப்பவர்கள் கேன் தண்ணீரை ஒதுக்கிவைத்துக்கொள்ளுங்கள், குமட்டல் இருக்கும் வாரங்களில் உப்பு நீர் இறங்காது. நீர்மோர், இளநீர், வெள்ளரி ஊறிய நீர் எல்லாம் கணக்கில் சேரும். கோலி சோடா சேராது, காற்றால் வயிறு உப்பி வலிக்கும். சிறுநீர் மஞ்சளாக, கொஞ்சமாகப் போனால், எழுந்தால் தலை சுற்றினால், டாக்டரைக் கூப்பிட வேண்டிய நேரம். ரத்த அழுத்த மாத்திரையின் அளவு குறைய வேண்டியிருக்கிறதா என்பதும் அதோடு தெரிந்துவிடும்.

ஒரு பாட்டில் குளுக்கோஸ்

நம் ஊரில் சோர்வாக இருந்தால் கிளினிக்கில் போய் ஒரு பாட்டில் ஏற்றிக்கொண்டு வருவது பழக்கம். இந்த அறுவை ஆனவர்களுக்கு இதில் உண்மையான ஆபத்து இருக்கிறது. பல நாள் வாந்தியாலும் குறைந்த சாப்பாட்டாலும் உடம்பில் தயமின் எனும் பி1 வைட்டமின் தீர்ந்துபோகும். உடம்பில் அதன் இருப்பே இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். குளுக்கோஸை எரிக்க இந்த வைட்டமின் தேவை. மிச்சம் இருக்கும் துளியையும் ஏற்றிய குளுக்கோஸ் இழுத்துக்கொண்டால் மூளை பாதிக்கப்படும்: பார்வை இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். தாமதித்தால் நினைவு திரும்ப வராமலே போகலாம். தீர்வு மிக எளியது, முதலில் தயமின் ஊசி, பிறகு டிரிப். டாக்டர்களுக்கு இது தெரியும். அவசரத்தில் உங்களுக்கு அறுவை நடந்தது தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான். கதவுக்குப் பின்னால் தொங்கும் அட்டை இதற்குத்தான்.

ஊசி பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். இடுப்பு வலிக்கும் முட்டி வலிக்கும் போடுகிற டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மருந்துகள் புது வயிற்றில் புண்ணை உண்டாக்கும், பைபாஸ்காரர்களுக்கு முக்கியமாகக் கூடாது. பாராசிட்டமால் பரவாயில்லை. மதுவும் முன்பைவிடச் சீக்கிரம் ஏறும், சிலருக்குச் சாப்பாட்டு ஆசை போன இடத்தில் குடி ஆசை வந்து உட்காரும்.

நோன்பும் விருந்தும்

ரமலான் நோன்பு: பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருப்பது முதல் ஓராண்டு வேண்டாம் என்றுதான் பெரும்பாலான மருத்துவர்கள் சொல்வார்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது, உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். அதற்குப் பிறகு பிடிப்பவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு, இஃப்தாரில் நோன்புக் கஞ்சியையும் வாடாவையும் ஒரே மூச்சில் முடிக்காமல், சஹர் வரை தண்ணீரைப் பரப்பிக் குடிக்க வேண்டும். அமாவாசைக்கும் கார்த்திகைக்கும் விரதம் இருப்பவர்களுக்கும் இதேதான், தண்ணீரை மட்டும் விட வேண்டாம்.

கல்யாண வீட்டில் சஹன் சாப்பாடு என்றால் ஒரு சிக்கல். நான்கு பேர் ஒரே தாலத்தில் உண்ணும்போது எவ்வளவு போயிற்று என்று தெரியாது, மற்றவர் வேகத்துக்கு நம் கையும் போகும். தனித் தட்டு கேளுங்கள். வயிற்றில் ஆபரேஷன் என்று சொன்னால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். பந்தியில் இலை போட்டால் பரிமாறுபவரிடம் முதலிலேயே கையைக் காட்டிவிடுங்கள்.

மெலிய ஆரம்பித்ததும் ஊர் கேட்கும், "என்னடி, சுகர் வந்துருச்சா? முகமெல்லாம் வத்திப் போச்சே." இங்கே இளைப்பது என்றால் நோய் என்றுதான் அர்த்தம். மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை முடி வேறு கொட்டும், பயம் கூடும். புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் திரும்ப வளரும். வயிற்றிலும் கையிலும் தோல் தொங்கும். உடற்பயிற்சியால் தசை வரும், தொங்கிய தோல் முழுதாக ஏறாது. மடிப்புகளில் வியர்வையால் புண் வராமல் உலர்த்தி வையுங்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

வேலைக்குத் திரும்புவது

உட்கார்ந்த வேலைக்கு இரண்டு மூன்று வாரத்தில் போகலாம். வலை இழுப்பது, பெட்டி தூக்குவது ஆறு வாரத்துக்குப் பின், டாக்டர் பார்த்த பிறகு. பாசி எடுக்க முங்குகிற பெண்கள் காயம் முழுதாக ஆறும் வரை கடலில் இறங்கக் கூடாது. திரும்பக் கடலுக்குப் போகும்போது குடிதண்ணீரும் அவித்த முட்டையும் தனியாக எடுத்துப் போங்கள், படகுச் சோற்றை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

பெண்களுக்கு

எடை இறங்க ஆரம்பித்ததும் நின்றிருந்த மாதவிடாய் ஒழுங்காகும், பல வருஷம் தங்காத கர்ப்பம் திடீரென்று தங்கும். சந்தோஷமான செய்திதான், நேரம்தான் தவறு. அறுவைக்குப் பிறகு ஒன்று ஒன்றரை வருஷம் கருத்தரிக்காமல் இருப்பதே குழந்தைக்கும் நல்லது. பைபாஸ் செய்தவர்களுக்கு வாய்வழிக் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம், காப்பர் டி போன்ற வேறு வழியைக் கேளுங்கள். மாமியார் வீட்டில் இதை யார் சொல்வது என்பதையும் கணவனும் மனைவியும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையும் வருடாந்தரப் பரிசோதனையும்

வைட்டமின் மாத்திரை ஆயுளுக்கும். பல்வைட்டமின், பி12, டி, நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் கால்சியம், இரும்பு. கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றை ஒன்று தடுக்கும், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள். பித்தப்பைக் கல் வராமல் இருக்க முதல் ஆறு மாதத்துக்குத் தனி மாத்திரை கொடுப்பதும் உண்டு.

முதல் வருஷம் மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில் ரத்தப் பரிசோதனை, பிறகு ஆண்டுக்கு ஒன்று. அதற்காக ஒவ்வொரு தடவையும் மதுரைக்குப் போக வேண்டியதில்லை. என்னென்ன பார்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்கி, ராமநாதபுரத்திலேயே ரத்தம் கொடுத்து, அறிக்கையை போனில் அனுப்பிக் கேட்கலாமா என்று டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பல மருத்துவர்கள் சம்மதிப்பார்கள்.